சீட்டு கையில் இருக்கிறது, சிகிச்சை எங்கே?

சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, நாங்கள் வேலை செய்யும் ஒரு காலனிக்கு மருத்துவ முகாம் வந்தது. 'வந்தது' என்று சொல்வதே தப்பு. முகாம் நடந்தது ஊர்த் தெருவில் இருக்கும் கல்யாண மண்டபத்தில். அந்த மண்டபத்தில் இதுவரை காலனிக்காரர் ஒருவருக்கும் கல்யாணம் நடந்ததில்லை. காலனிக்கு வந்தது ஆட்டோவில் கட்டிய மைக் மட்டும்தான்.

அந்த முகாமுக்குப் போனவர்களில் ஓர் அக்கா. பெயர் வேண்டாம். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியற்காலை வேலைக்குப் போய், குப்பை வண்டியை விட்டுவிட்டு, குளிக்கக்கூட நேரமில்லாமல் நேராக வரிசையில் போய் நின்றார். பெயரைக் கேட்பதற்கு முன்பே "எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள், திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கர்ப்பப்பை வாயையும் பார்த்தார்கள். கையில் ஒரு சீட்டு. அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. "பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டும்மா" என்றார்கள். எதற்கு, எப்போது, யாரிடம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அக்கா போகாமல் இல்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனார். அந்தப் பரிசோதனை செய்யும் டாக்டர் அன்று இல்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரமும் லீவு கேட்டதற்கு, "வேற ஆளைப் போட்டுக்கவா?" என்று மேஸ்திரி கேட்டார். சீட்டு ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவருக்குள் போய்விட்டது. எட்டு மாதம் கழித்து ரத்தப்போக்கு நிற்காமல் எங்களிடம் வந்தபோது, அந்தக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் அன்னைக்கே போனேன் தம்பி. அவங்கதான் அப்புறம் வான்னாங்க" என்றார்.

அரசின் கணக்கில் அந்த அக்கா 'பரிசோதிக்கப்பட்டவர்'. முகாம் முடிந்த அன்று மாலையே அவர் ஒரு எண்ணாக மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். 'இத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம்' என்ற வரியில் அவரும் ஒருத்தி. அவரைப் பரிசோதித்து என்ன ஆயிற்று என்று கேட்கும் வரி அந்தப் படிவத்தில் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த இல்லாத வரியைப் பற்றியது.

தேடி வருகிறவருக்கும் தேடிப் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம்

வயிற்று வலி என்று நாம் மருத்துவரிடம் போனால், நாம் கேட்கிறோம், அவர் பதில் சொல்கிறார். அவரால் முடிந்ததைச் செய்கிறார். ஸ்கிரீனிங் அப்படியல்ல. நமக்கு ஒரு வலியும் இல்லை. நாம் நம் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். அரசோ மருத்துவமனையோ நம்மைத் தேடி வந்து, "உனக்குள்ளே ஒரு நோய் ஒளிந்திருக்கலாம், காட்டு" என்கிறது. நல்ல உடம்போடு இருக்கும் ஓர் ஆளை நோயாளி ஆக்கும் உரிமையை அது எடுத்துக்கொள்கிறது. அந்த உரிமையை எடுத்துக்கொண்டால் கூடவே ஒரு கடனும் வருகிறது. கண்டுபிடித்ததைக் குணப்படுத்தும் கடன்.

இது நாங்களாகச் சொல்வதல்ல. 1968ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் ஸ்கிரீனிங்குக்குப் பத்து நெறிகள் எழுதிக் கொடுத்தார்கள். உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் அதைத்தான் பாடமாக நடத்துகிறார்கள். தேடும் நோய்க்கு ஏற்கப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும். நோயை உறுதி செய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும். யாருக்குச் சிகிச்சை என்பதில் தெளிவான கொள்கை இருக்க வேண்டும். ஒரு தடவை வந்துவிட்டுப் போகும் வேலையாக இல்லாமல் தொடர்ந்து நடக்க வேண்டும். மண்டபத்தில் ஒரு நாள் போட்ட முகாமை இந்த நெறிகளோடு வைத்துப் பாருங்கள். எத்தனையில் தேறும்?

இன்னொன்றும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கிரீனிங் நோயைச் சொல்வதில்லை, சந்தேகத்தைத்தான் சொல்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பேர் இருக்கிறார்கள், அதில் 100 பேருக்கு நோய் என்று வையுங்கள். பரிசோதனை நல்ல பரிசோதனை. நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாதவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை 'இல்லை' என்று சரியாகச் சொல்லிவிடும். மிச்சம்? நோயே இல்லாத 9,900 பேரில் 990 பேர் கையில் 'இருக்கலாம்' என்ற சீட்டு. மொத்தம் 1,080 சீட்டு. அதில் உண்மையான நோயாளிகள் 90 பேர். பன்னிரண்டு பேரில் ஒருவர். நோய் இருந்தும் தப்பிப்போன 10 பேர் 'ஒன்றுமில்லை' என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

ஆகவே அடுத்த கட்டப் பரிசோதனை இல்லாமல் முதல் சீட்டைக் கொடுப்பது என்பது, பதினோரு பேரைத் தேவையில்லாமல் பயமுறுத்துவதும், ஒருவரைச் சாக விடுவதும்தான். நம் தெருவில் அந்தப் பயத்துக்கு என்ன விலை என்று நமக்குத் தெரியும். "அவளுக்குக் கர்ப்பப்பையில் என்னவோ இருக்காம்" என்ற ஒரு வாக்கியம் போதும். புருஷன் வீட்டில் ஒரு பேச்சு, மேஸ்திரி வாயில் ஒரு பேச்சு, கிணற்றடியில் ஒரு பேச்சு.

மேலே மிகை, கீழே பாதி

வசதியுள்ளவர்கள் வேறு ஒரு ஸ்கிரீனிங்கை அனுபவிக்கிறார்கள். 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்று தங்கம், வெள்ளி, பிளாட்டினம் எனப் பெயர் வைத்து நகைக்கடை மாதிரி விற்கிறார்கள். அங்கே பிரச்சினை தலைகீழ். தேவைக்கு மேல் தேடி, தொந்தரவே செய்யாத ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்குக் கத்தி வைக்கிறார்கள்.

தென் கொரியா நல்ல உதாரணம். 1999ல் அங்கே அரசு புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2011ல் பார்த்தால், தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 1993ல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆகியிருந்தது. அந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கழுத்தில் தையலும், ஆயுள் முழுக்க மாத்திரையும்தான் மிச்சம்.

இதை ஏன் சொல்கிறோம்? 'நிறையப் பார்த்தால் நிறைய நல்லது' என்ற நம்பிக்கையை முதலில் உடைக்க வேண்டும். எத்தனை பேரைப் பார்த்தோம் என்பது ஒரு சாதனையே அல்ல. பார்த்ததால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதுதான் கேள்வி. பணக்காரருக்கு ஸ்கிரீனிங்கின் வால் நீண்டு தேவையில்லாத அறுவை வரை போகிறது. நமக்குத் தலையோடு வெட்டி நிறுத்திவிடுகிறார்கள்.

1,38,624 பெண்கள்

இப்போது கசப்பான இடத்துக்கு வருவோம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஸ்கிரீனிங் மூலம் தடுக்கலாம் என்பது பல பத்தாண்டுகளாக மருத்துவ உலகுக்குத் தெரியும். பாப் ஸ்மியர் பரிசோதனையை ஒழுங்காக நடத்திய பணக்கார நாடுகளில் இந்த நோயும் சாவும் இறங்கிவிட்டன. பாப் ஸ்மியருக்கு ஆய்வகம் வேண்டும், படித்த ஆள் வேண்டும். ஏழை நாட்டுக்கு மலிவாக ஒரு வழி தேடினார்கள். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். அதை நீர்த்த நிலையில் கர்ப்பப்பை வாயில் தடவினால், கோளாறு உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இது உயிரைக் காக்குமா என்று பார்க்க 1990களின் கடைசியிலும் 2000த்தின் தொடக்கத்திலும் இந்தியாவில் மூன்று பெரிய ஆய்வுகள் தொடங்கின. மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒன்று, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் கிராமங்களில் ஒன்று, நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒன்று. பணம் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திலிருந்தும் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்தும் வந்தது.

ஆய்வு என்றால் இரண்டு குழு. ஒன்றுக்குப் பரிசோதனை, இன்னொன்றுக்கு இல்லை. 'இல்லை' குழுவில் மும்பையில் 76,178 பெண்கள், உஸ்மானாபாத்தில் 31,488 பெண்கள், திண்டுக்கல்லில் 30,958 பெண்கள். கூட்டிப் பாருங்கள், 1,38,624. அவர்களில் குறைந்தது 254 பேர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் செத்தார்கள் என்று எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் ஆய்வுகள் வெளியிட்ட எண்களிலிருந்தே எடுத்து எழுதினார். அவர் கொடுத்த புகாரை விசாரித்த அமெரிக்க அரசின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம், மும்பை ஆய்வில் பெண்களுக்குச் சொல்லப்பட்ட தகவல் போதாது என்று கண்டது.

ஆய்வாளர்கள் சொன்ன பதில் என்ன? இந்தியாவில் இந்தப் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கவனிப்பே பரிசோதனை இல்லாததுதான், ஆகவே அவர்களிடமிருந்து நாங்கள் எதையும் பறிக்கவில்லை என்றார்கள்.

இந்தப் பதிலைத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இதில் பொய் இல்லை. அதுதான் இதில் உள்ள பயங்கரம். 'வழக்கமான கவனிப்பு' என்று அவர்கள் பெயர் வைத்தது கவனிப்பே இல்லாத நிலைக்கு. அந்த நிலையை யார் உண்டாக்கினார்கள், எத்தனை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். சமூகவியல் வகுப்பில் 'அமைப்புசார் வன்முறை' என்று படிப்போம். அதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். மும்பைக் குடிசைகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. இதே ஆய்வை அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் பெண்களிடம், "உங்களில் பாதிப் பேரைப் பார்க்க மாட்டோம், எத்தனை பேர் சாகிறீர்கள் என்று மட்டும் எண்ணுவோம்" என்று சொல்லி நடத்தியிருப்பார்களா?

ஆனாலும் புறக்கணிப்பது பதில் அல்ல

இங்கே நம் ஆட்களோடு ஒரு சண்டை இருக்கிறது. "நம்மைச் சோதனை எலி ஆக்குகிறார்கள், எந்த முகாமுக்கும் போகாதீர்கள்" என்று இளம் தோழர்கள் சிலர் துண்டறிக்கை போடுகிறார்கள். கோபம் நியாயமானது. நாங்களும் ஒரு காலத்தில் இந்தக் கோஷத்தைப் போட்டவர்கள்தான். இன்று அது தவறு என்று நினைக்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

திண்டுக்கல் ஆய்வின் முடிவு 2007ல் வந்தது. பரிசோதனைக் குழுவில் 49,311 பெண்கள் இருந்தார்கள். அதில் பரிசோதனைக்கு உண்மையில் வந்தவர்கள் 31,343 பேர். அப்படி இருந்தும் அந்தக் குழு முழுவதிலும் நோய் 25 விழுக்காடு குறைந்தது, சாவு 35 விழுக்காடு குறைந்தது. மும்பையிலும் சாவு 31 விழுக்காடு குறைந்தது. அங்கே பரிசோதனை செய்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல, பத்தாம் வகுப்பு வரை படித்து, சில வாரம் பயிற்சி எடுத்த பெண்கள். உஸ்மானாபாத்தில் கர்ப்பப்பை வாயில் ஹெச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை பார்த்த குழுவில் சாவு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அது 2009ல் வெளிவந்தது.

அந்த 254 பெண்களின் உயிரைக் கொடுத்து வாங்கிய உண்மை இது. இதை நாமே தூக்கிக் குப்பையில் போட்டால் அவர்கள் இரண்டாவது முறை சாகிறார்கள்.

திண்டுக்கல்லில் ஏன் வேலை செய்தது என்று பாருங்கள். அங்கே செவிலியர்களே பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் அவர்களே கருவி வைத்து உறுதி செய்தார்கள், சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், தகுந்தவர்களுக்குக் கோளாறான இடத்தை உறைய வைத்து அழிக்கும் குளிர் சிகிச்சையையும் அவர்களே கொடுத்தார்கள். 'பெரியாஸ்பத்திரிக்குப் போ' என்ற சீட்டோடு பெரும்பாலோருக்கு வேலையே இல்லை. உயிரைக் காப்பாற்றியது வினிகர் மட்டும் அல்ல. வினிகருக்கும் சிகிச்சைக்கும் நடுவே இருந்த தூரத்தை ஒழித்ததுதான் காப்பாற்றியது.

அப்படியானால் நமக்குச் சேர வேண்டிய பங்கு எங்கே? திண்டுக்கல் முடிவு வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில், வாழ்நாளில் ஒரு தடவையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடு. முன்னேறிய மாநிலம் என்று நாம் மார்தட்டும் தமிழ்நாட்டிலும் அது பத்து விழுக்காட்டைத் தொடவில்லை. தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டத் திட்டம் நடத்தி, பிறகு மாநிலம் முழுக்க விரித்த பிறகும் நிலை இதுதான். ஆய்வுக்கு நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தார்கள். பலனைக் கொடுக்கும்போது மட்டும் அவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

1952 முதல் 2023 வரை

இதே கதை நீலகிரி மலையிலும் உண்டு. இந்தியாவில் சிக்கிள் செல் மரபணு இருக்கிறது என்று உலகுக்கு முதலில் தெரிந்தது 1952ல், நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்த ஆய்வில். அந்த நோயை நாடு முழுக்கத் தேடி ஒழிப்போம் என்று ஒன்றிய அரசு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1ல். இடையில் 71 ஆண்டுகள். ரத்தம் எடுக்க அவசரம் இருந்தது, திரும்பி வர அவசரம் இல்லை.

இப்போதைய திட்டப்படி, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதித்து அட்டை கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் இரண்டு அட்டையையும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்தியாவில் இந்த மரபணு பழங்குடியினரிடம் மட்டும் இல்லை, விதர்பா போன்ற இடங்களில் பட்டியல் சாதியினரிடமும் அதிகம். சாதகத்தையும் சாதியையும் பார்த்துப் பெண் எடுக்கும் நாட்டில், அரசு முத்திரை குத்திய மரபணு அட்டை எப்படிப் பயன்படும் என்று யோசியுங்கள்.

அமெரிக்கக் கருப்பின மக்கள் இந்தப் பாதையில் நமக்கு முன்பே நடந்திருக்கிறார்கள். 1968ல் லைனஸ் பாலிங் என்ற விஞ்ஞானி, இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், இந்த மரபணு உள்ள இளைஞர்களின் நெற்றியில் அடையாளம் பச்சை குத்தலாம் என்று எழுதினார். நெற்றியில்! 1970களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் கருப்பினத்தவருக்குக் கட்டாயப் பரிசோதனைச் சட்டம் போட்டன. நோயே இல்லாமல் மரபணுவை மட்டும் சுமந்தவர்களுக்கும் வேலையிலும் காப்பீட்டிலும் கதவை மூடினார்கள். அமெரிக்க விமானப்படைக் கல்லூரி 1981 வரை அவர்களைச் சேர்க்கவில்லை.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1971ல் பிளாக் பாந்தர் கட்சி தானே இலவசமாக சிக்கிள் செல் பரிசோதனை நடத்தத் தொடங்கியது. அரசு கைவிட்ட நோயைத் தங்கள் மக்களின் உரிமைப் பிரச்சினையாக ஆக்கிக் காட்டியது. 1972ல் அமெரிக்க அரசு சிக்கிள் செல்லுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, விரும்பியவர்களுக்குத்தான் பரிசோதனை என்று எழுத வேண்டி வந்தது. அதே 1972ல்தான் பம்பாயில் தலித் பாந்தர்கள் எழுந்தார்கள். பெயரை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அந்த மருத்துவ வேலையையும் எடுத்துக்கொள்ள இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

நம் அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கூடலூரில் 1990ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள். சிக்கிள் செல் உள்ளவர்களுக்குச் சிகிச்சையும் அங்கேயே நடக்கிறது. அங்கே பரிசோதிக்கும் கை சொந்தக்காரியின் கை. "எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு அங்கே வேலை இல்லை.

தொடாத கை எப்படிப் பரிசோதிக்கும்?

ஸ்கிரீனிங் பற்றி எழுதும் நிபுணர்கள் 'மக்கள் வருவதில்லை, விழிப்புணர்வு இல்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி நடத்திய ஆய்வு 2006ல் புத்தகமாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. வீட்டு வாசலில் நின்றுகொண்டு மாத்திரையைக் கீழே வைத்துவிட்டுப் போகிறவரிடம், ஒரு பெண் தன் உடம்பில் மிகவும் மறைவான இடத்தைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அவள் வராவிட்டால் அதற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று பெயர். உண்மையில் அவளுக்கு விழிப்புணர்வு கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

வயதையும் பாருங்கள். ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, இந்தியாவில் தலித் பெண்கள் சராசரியாக உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாகச் சாகிறார்கள். அந்த ஆண்டுகள் எந்த நோயில் போகின்றன என்று சாதிவாரியாகக் கேட்கிற படிவம் நம் முகாம்களில் இருக்கிறதா? சாதியை வாயால் கேட்கிறார்கள். விளைவைச் சாதிவாரியாக எழுதச் சொன்னால் மட்டும், மருத்துவத்தில் சாதி பார்ப்பதில்லை என்கிறார்கள்.

தூய்மைப் பணியாளர்களுக்கு நடத்தும் முகாம்கள் தனிக் கூத்து. நுரையீரலைப் பார்க்கிறார்கள், தோலைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள். பார்த்து முடித்துவிட்டு அதே கையுறை இல்லாத கையோடு அதே குப்பைக்கு, அதே சாக்கடைக்கு அனுப்புகிறார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த சட்டம் 2013ல் வந்தது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023ல் அதை 30 லட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை. நோய்க்குக் காரணம் எந்தப் பரிசோதனையும் இல்லாமலே தெரிகிறது. அதைத் தொடாமல் தொழிலாளியின் நெஞ்சுக்குள் நோயைத் தேடுவதற்குப் பெயர் பரிசோதனை அல்ல, கணக்குத் தீர்ப்பது. நோய் என்று எழுதிவிட்டால் ஒப்பந்தக்காரர் அவரை நிறுத்திவிடுவார் என்ற பயத்தில், முகாமுக்கு வந்து இருமலை மறைக்கும் தொழிலாளிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அடுத்த முகாமில் நாம் கேட்க வேண்டியது

முகாம் வரும். வரட்டும். அதை எதிர்த்துக் கறுப்புக்கொடி பிடிக்க வேண்டாம், கைதட்டிப் படம் எடுத்துப் போடவும் வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. முகாம் எங்கே நடக்கிறது? ஊர்த் தெருவிலா, காலனி மக்கள் தயங்காமல் நுழையும் இடத்திலா?

2. சந்தேகம் என்று வந்தால் அடுத்த பரிசோதனை எங்கே, எந்தத் தேதியில்? அந்தத் தேதி சீட்டில் தமிழில் எழுதப்பட்டிருக்கிறதா?

3. அந்த நாளுக்குச் சம்பளமும் பஸ் செலவும் யார் தருவார்கள்? ஒப்பந்தத் தொழிலாளி என்றால் அந்த நாள் வேலை நாளாகக் கணக்கில் சேருமா?

4. சீட்டு வாங்கியவர் குறித்த நாளில் வராவிட்டால் அவரைத் தேடிப் போகும் பொறுப்பு யாருடையது? பெயர் சொல்லுங்கள்.

5. முடிவு யார் கைக்குப் போகும்? மேஸ்திரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் தெரியாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

6. சென்ற முகாமில் சந்தேகப் பட்டியலில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது? எத்தனை பேர் பட்டியல் சாதி, பழங்குடி?

ஆறாவது கேள்விக்குப் பதில் வரும்வரை விடாதீர்கள். வாயால் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கல்லூரித் தோழர்கள் இதை ஒரு திட்ட ஆய்வாகவே எடுத்துச் செய்யலாம். ஒரு வட்டாரம், ஓர் ஆண்டு, எத்தனை சீட்டு, எத்தனை சிகிச்சை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும்.

நாம் வானத்தில் உள்ளதைக் கேட்கவில்லை. 2020ல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஒழிக்க 2030க்குள் எட்ட வேண்டிய மூன்று எண்களை அறிவித்தது. 90 விழுக்காடு சிறுமிகளுக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி. 70 விழுக்காடு பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒன்றும் 45 வயதுக்குள் இன்னொன்றுமாக, தரமான பரிசோதனை. நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. நம் அதிகாரிகள் மேடையில் முதல் இரண்டு எண்ணைச் சொல்வார்கள். மூன்றாவது எண்தான் நம்முடையது. ஹெச்பிவி பரிசோதனைக்கு ஒரு பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், யாரும் தொட வேண்டியதில்லை, யாரும் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பரிசோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்போது வரும் என்று கேட்பதும் சாதி ஒழிப்பு வேலைதான்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறோம். இப்போது கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. முகாமில் பார்த்த அன்றே கவனித்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார். போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, தன் தெருவில் அந்த முகாமுக்குப் போனவர்களின் பெயர்களைப் பேத்தியை விட்டு எழுத வைத்த ஒரு தாளைக் கொடுத்தார். பத்தொன்பது பெயர். "இதுல யார் யாருக்குச் சீட்டு குடுத்தாங்கன்னு கேட்டுக்கிட்டு வரேன் தம்பி. நீங்க அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

அரசின் படிவத்தில் இல்லாத வரியை அவர் எழுதத் தொடங்கிவிட்டார். மிச்சப் பக்கங்களை நாம் எழுதுவோம்.

ஜெய் பீம்!